படத்திற்குள் ஒளிந்திருக்கும் பாரம்

(தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். படங்களில் தேவையற்ற மெட்டாடேட்டாவைக் குறைத்துப் படத் தரவுத்தளத்தை வேகப்படுத்துவது எப்படி? சென்ற வாரம் பேசிய ஐயா மாமியார் மருமகள் உறவைப் பற்றிப் பேசி அரங்கையே கலகலக்க வைத்தார். அடுத்த வாரம் எனக்கு மெட்டாடேட்டா. யாரைக் கோபித்துக்கொள்வது? நான் கணினிப் பொறியாளரும் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆனாலும் இந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் மூத்த நாடகக் கலைஞர் ஒருவர் காலமானார். தோட்டந்தோட்டமாகச் சென்று மேடையேறியவர். அன்று மாலை எங்கள் நேரலை நிகழ்ச்சியில் இரண்டு நிமிட அஞ்சலி செலுத்துவது என்று முடிவாயிற்று. அவருடைய பழைய மேடைப் படங்கள் எங்களுக்குத் துணையாக இருக்கும் ஒரு கலைச் சங்கத்தின் படக்களஞ்சியத்தில் இருக்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கணினியில் அவர் பெயரைத் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது. நான்கு நிமிடம் கழித்துப் பாதிப் பட்டியல் வந்து அப்படியே நின்றது. மீண்டும் தட்டினேன், மீண்டும் வட்டம். முகப்பூச்சு போட்டுக்கொண்டே ஒரு கண்ணால் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரலை தொடங்கிவிட்டது. யாரோ கைப்பேசியில் அனுப்பிய, திருமண வீட்டில் எடுத்த மங்கலான ஒரு படத்தைத்தான் காட்ட முடிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. "அப்பா படம் ஒன்னுகூட உங்ககிட்ட இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறதக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தது. இரவு பத்து மணிக்குக் கிடைத்தது. ராஜபார்ட் உடையில், மேடைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். அவ்வளவு அழகான படம்.

அந்த இரவுதான் இந்தக் களஞ்சியம் ஏன் இப்படித் திணறுகிறது என்று பார்க்க உட்கார்ந்தோம்.

ஒரு படக் கோப்பைத் திறந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது படம் மட்டும். ஆனால் அதே கோப்புக்குள் படத்தைப் பற்றிய விவரங்களும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். பழைய படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்போமே, 'பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம்' என்று, அதைப் போன்றது. என்ன, இப்போது பின்புறத்தில் எழுதுகிறவர்கள் மூன்று பேர்.

முதலாமவர் படக்கருவி. எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், கைப்பேசியாக இருந்தால் எந்த இடம், எல்லாவற்றையும் எழுதிவிடும். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995இல் ஜப்பானியர்கள் வகுத்த முறை. இரண்டாமவர் பத்திரிகைக்காரர். படத்தில் இருப்பது யார், எடுத்தது யார், உரிமை யாருடையது என்று செய்தி நிறுவனங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள ஏற்படுத்திய முறை. அனைத்துலகப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம் வகுத்ததால் அதன் சுருக்கப் பெயர் ஐபிடிசி. மூன்றாமவர் படத்திருத்த மென்பொருள். 2001இல் அடோபி நிறுவனம் எக்ஸ்எம்பி என்ற முறையை அறிமுகப்படுத்தியது. 2012இல் அது அனைத்துலகத் தர நிர்ணயமாகவும் ஆயிற்று. முதல் இருவர் எழுதுவதையும் இது எழுதும், அதற்கு மேலும் எழுதும்.

இதில் யார் பாரத்தை ஏற்றியது? எங்கள் சந்தேகம் முதலில் படக்கருவியின் மேல்தான் விழுந்தது. அத்தனை எண்களை எழுதுகிறதே! ஆனால் ஜேபெக் படக் கோப்பில் எக்ஸிஃப் பகுதி 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. அந்த முறையின் கட்டமைப்பே அப்படி. ஆகவே எத்தனை எழுதினாலும் அதற்கு ஒரு வேலி உண்டு. எக்ஸ்எம்பிக்கு அந்த வேலி இல்லை. ஒரு பெட்டியில் இடம் போதாவிட்டால் அடுத்தடுத்த பெட்டிகளில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகலாம்.

எங்கள் களஞ்சியத்தில் இருந்த ஒரு முகப்படத்தைத் திறந்து பார்த்தோம். கடவுச்சீட்டுப் படம் அளவுதான். படம் 20 கிலோபைட். கோப்போ 700 கிலோபைட்டுக்கு மேல். மிச்சமெல்லாம் என்ன? வரிவரியாக அடையாள எண்கள். ஒவ்வொன்றும் சுற்றுக் குறிகளோடு சேர்த்து அறுபது எழுபது எழுத்து. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். அந்தப் பகுதியின் பெயர் 'டாக்குமென்ட் ஆன்செஸ்டர்ஸ்', அதாவது ஆவணத்தின் மூதாதையர்.

விஷயம் இதுதான். ஒரு கோப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி இன்னொரு கோப்பில் ஒட்டினால், 'இந்தத் துண்டு இன்ன கோப்பிலிருந்து வந்தது' என்று மென்பொருள் குறித்து வைக்கிறது. அந்தக் கோப்புக்கு ஏற்கெனவே மூதாதையர் இருந்தால் அவர்களும் சேர்ந்து வருவார்கள். துண்டை அழித்தாலும் குறிப்பு அழியாது. எங்கள் வாராந்திர நிகழ்ச்சியின் தலைப்பு அட்டையை நாங்கள் எப்படிச் செய்துவந்தோம் தெரியுமா? சென்ற வாரத்துக் கோப்பைத் திறப்போம், புதிய விருந்தினர் படத்தை ஒட்டுவோம், வேறு பெயரில் சேமிப்போம். அதிலிருந்து விருந்தினர் படத்தை மட்டும் வெட்டிச் சங்கத்துக் களஞ்சியத்துக்கு அனுப்புவோம். வாரா வாரம், வருடக் கணக்கில்! பழி எங்கள் பழக்கத்தின் மேல்தான். ஒரு சின்ன முகப்படம் பத்தாயிரம் பாட்டன் பூட்டன்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

களஞ்சியத்தில் மொத்தம் சுமார் 38,000 படங்கள். அவற்றில் 9,000 இப்படி எங்கள் தலைப்பு அட்டை வழியாக வந்தவை. ஒவ்வொன்றிலும் சராசரியாக அரை மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் 4,500 மெகாபைட் வெறும் மூதாதையர் பட்டியல். களஞ்சியத்தை நடத்தும் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் சேர்க்கும்போது அதன் எக்ஸ்எம்பி முழுவதையும் தரவுத்தளத்தில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரு பெயரைத் தேடச் சொன்னால் அத்தனையையும் புரட்டுகிறது. நூலகத்தில் ஒவ்வொரு நூலின் அட்டைக் குறிப்பிலும் அச்சகத்து ஊழியர்களின் வம்சாவளியை எழுதி வைத்தால் நூலகர் என்ன செய்வார், பாவம்.

இதைக் கண்டுபிடித்ததற்கு முன்பு நாங்கள் செய்த தவற்றை இப்போது சொல்ல வேண்டும்.

சங்கத்தில் உதவிக்கு வரும் தம்பி ஒருவர், கெட்டிக்காரப் பிள்ளை, "அக்கா, மெட்டாடேட்டா எல்லாத்தையும் ஒரே கட்டளையில துடைச்சிடலாம்" என்றார். துடைக்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த பில் ஹார்வி 2003இலிருந்து அதை வளர்த்துவருகிறார். மிக நல்ல கருவி. எதையாவது மாற்றினால் பழைய கோப்பை வேறு பெயரில் தானாகவே பத்திரப்படுத்தும். ஆனால் எங்கள் வன்தட்டில் இடம் இல்லை. பிரதி வேண்டாம் என்று கட்டளையில் சேர்த்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

சோதனைக்காக ஒரே ஒரு அடைவில் செய்தோம், 1,200 படங்கள். மறுபடி தரவுத்தளத்தில் ஏற்றியதும் அந்த அடைவு பளிச்சென்று திறந்தது. "வேகம் வந்திருச்சுக்கா!" என்றார் தம்பி. கைகூடக் கொடுத்துக்கொண்டோம்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களெல்லாம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. பல கைப்பேசிகள் படத்தைத் திருப்பி எழுதுவதில்லை. 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃபில் ஒரு குறிப்பு மட்டும் போடுகின்றன. குறிப்பு போனதும் மணப்பெண் படுத்துவிட்டாள். சில படங்களில் பட்டுப்புடவையின் சிவப்பு வெளுத்துவிட்டது. வண்ணத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் வண்ணக் குறிப்பும் சேர்ந்து போயிருந்தது. 2016க்குப் பிறகு வந்த ஐபோன்கள் அகன்ற வண்ணப் பரப்பில் படம் எடுக்கின்றன. அவற்றில் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் முகங்கள் சோர்ந்து தெரியும். படம் எடுத்த தேதியும் போயிற்று. இருபது வருடப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுத்தவையாக வரிசையில் நின்றன.

இவையெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடியவை. சகிக்க முடியாதது ஒன்று இருந்தது.

அந்த அடைவில் 214 பழைய படங்கள் இருந்தன. கறுப்பு வெள்ளை. 1960களிலும் 70களிலும் தோட்டங்களில் நடந்த நாடகங்கள், பொங்கல் விழாக்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நாங்கள் மாமா என்று அழைப்போம், 2002 வாக்கில் வீடு வீடாகச் சென்று அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி, வருடிப் பதிந்து, ஒவ்வொரு படத்துக்குள்ளும் இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்று தமிழில் தட்டெழுதி வைத்தார். மாமா இப்போது இல்லை.

தம்பி துடைப்பதற்கு முன்பு அந்தக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளுக்குக் கொம்பும் வாலும் முளைத்தது போல, அர்த்தமில்லாத கிறுக்கல். கெட்டுப்போன குறிப்பு, குப்பை என்று நினைத்துவிட்டார்.

அது குப்பை அல்ல. அது தமிழ். இன்றைய இளையவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது கைப்பேசியில் தமிழ் தானாக வருகிறது, யூனிகோடு தந்த வசதி. அன்றைக்கு அப்படி இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழைக் கொண்டுவந்தார். பிறகு திஸ்கி, தாப் என்று பல குறியீட்டு முறைகள் வந்தன. மொத்தமே 256 இடங்கள்தான். அதில் ஆங்கில எழுத்துகள் போக, ஐரோப்பிய மொழிகளின் கொம்பு வைத்த எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் நம் எழுத்துகளைக் குடியமர்த்தினார்கள். உரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கிறுக்கல். எந்தக் குறியீடு என்று கண்டுகொண்டால் மாற்றி மென்பொருளில் போட்டு ஒரு நொடியில் தமிழாக்கிவிடலாம். உங்கள் சங்கத்திலோ கோயிலிலோ ஆலயக் குழுவின் கணினியிலோ பழைய கோப்புகளில் இத்தகைய கிறுக்கலைப் பார்த்தால், தயவு செய்து, கையை எடுத்துவிட்டு வயதில் மூத்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

தரவுத்தளத்தில் ஒரு படி இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. துடைத்த கோப்புகளை மறுபடி ஏற்றியபோது வெற்றுக் குறிப்பு வந்து பழையதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

மாமா எழுதி வைத்திருந்த டிவிடி வட்டுகளை அவர் வீட்டு அலமாரியிலிருந்து அத்தை எடுத்துக் கொடுத்தார். சில வட்டுகள் படிக்க முடியாத நிலையில் இருந்தன. 180 படங்களின் பெயர்கள் திரும்பக் கிடைத்தன. 34 படங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் முறையாகச் செய்தோம். எந்த வரிசையில் செய்தோம் என்பதைச் சொல்கிறேன், இதுபோன்ற களஞ்சியம் வைத்திருப்பவர்களுக்கு உதவும். முதலில் முழுவதையும் தனி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்தோம். வன்தட்டு வாங்கக் காசு இல்லை என்று முன்பு சொன்ன அதே சங்கத்தில் ஒரே கூட்டத்தில் பணம் சேர்ந்துவிட்டது. பிறகு தரவுத்தளத்தில் மட்டும் தட்டெழுதப்பட்டிருந்த குறிப்புகளை அந்தந்தப் படக் கோப்புக்குள் எழுத வைத்தோம். அதன் பிறகே கத்தரிக்கோலை எடுத்தோம். அதுவும் எல்லாவற்றையும் அல்ல, மூதாதையர் பட்டியலையும், திருத்தங்களின் வரலாற்றையும் மட்டும் பெயர் சொல்லி நீக்கினோம். படக்கருவியின் மூலக் கோப்புகளை, ரா என்கிறோமே அவற்றை, தொடவே இல்லை. பத்துப் படம், பிறகு நூறு, பிறகு மீதி. கடைசியாகக் கோப்புகளைத் தரவுத்தளம் மறுபடி படிக்கச் செய்தோம்.

அப்படியும் தரவுத்தளக் கோப்பின் அளவு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பிதான் விளக்கினார். இத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்கு உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம். அதில் ஒன்றை நீக்கினால் இடம் காலியாகும், ஆனால் வீடு சுருங்காது. காலி அறைகள் அப்படியே இருக்கும். வேக்யூம் என்று ஒரு கட்டளை உண்டு. அது எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கிப் புதிதாக எழுதும். மென்பொருளின் பட்டியலில் 'சீரமை' என்றோ 'உகப்பாக்கு' என்றோ இருக்கும். அதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தபோது ஐந்து கிகாபைட்டாக இருந்தது 400 மெகாபைட்டுக்கும் கீழே வந்திருந்தது. அந்த நாடகக் கலைஞரின் பெயரைத் தட்டினேன். முக்காலியும் தேநீருமாக உடனே வந்து நின்றார்.

இன்னொன்று. ஒரே குறிப்பு ஐபிடிசியிலும் எக்ஸ்எம்பியிலும் இரண்டு முறை இருக்கிறதே, ஒன்றை நீக்கிவிடலாமே என்று தோன்றும். நீக்கலாம். எதை நீக்குவது என்பதில்தான் நமக்குச் சிக்கல். பழைய ஐபிடிசி முறையில் படமெடுத்தவர் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு 32 எழுத்து, தாராளம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. சுப்பிரமணியம் என்று எழுதிப் பாருங்கள். பதின்மூன்று குறிகள், 39 பைட். முருகப்பெருமானின் பெயரே அந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை! எக்ஸ்எம்பியில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் எக்ஸ்எம்பியில் உள்ளதை வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் துடைத்துவிட்டு மற்றதை வைத்தால் பாதிப் பெயர்தான் மிஞ்சும். படமெடுத்தவர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் மற்றவர் படத்திலிருந்து நீக்குவது நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருக்கும் நேயர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? உங்கள் கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. அவற்றின் பாரம் பெரும்பாலும் படம்தான், உள்குறிப்பு அல்ல. அதைத் துடைத்து வேகம் வரும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இடத்தைக் காட்டும் குறிப்பு வேறு விஷயம். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஜான் மெக்கஃபி, நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்றவர், குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது ஒரு சஞ்சிகை வெளியிட்ட ஐபோன் படத்திலிருந்த இடக்குறிப்பால்தான் வெளிப்பட்டது. பிள்ளைகளின் படத்தை வெளியாருக்குக் கொடுக்கும்போது அந்த ஒரு குறிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். வீட்டுப் பிரதியில் அது இருக்கட்டும். பாட்டி வீடு எங்கே இருந்தது என்று பேரன் நாளைக்குக் கேட்பான்.

வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் உள்குறிப்புகள் பெரும்பாலும் கழன்றுவிடும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் குடும்ப ஆல்பத்துக்கு மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் ஐயா மணியைத் தொடுகிறார். இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

பெயர் போன 34 படங்களையும் அச்செடுத்து, நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்தவர்களின் வீடுகளுக்கு எடுத்துச் சென்றோம். தம்பிதான் முன்னால் நின்று கேட்டார். ஒரு தாத்தா படத்தைப் பார்த்தவுடன் வசனமே பேசிக் காட்டினார். ஒரு பாட்டி, தான் நிற்பதையே அடையாளம் தெரியாமல், "இது யாரு, நல்லா இருக்காளே" என்று கேட்டார். ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் பெயர்கள் கிடைத்துவிட்டன.

அந்த ஒரு படத்தை இப்போது திரையில் காட்டச் சொல்கிறேன். சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டம், பொங்கல் மேடை. 1974 என்று தேதியை மட்டும் மேடையின் பதாகையிலிருந்து படிக்க முடிகிறது. ஏழு பேர் நிற்கிறார்கள். ஐவர் பெயர் தெரிந்துவிட்டது. இடமிருந்து மூன்றாவதாக, மரக்கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பவரும், கடைசியில், பெரிய ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிகிற பெண்ணும் யார் என்று தெரியவில்லை. அரங்கில் யாருக்காவது தெரிந்தால் இடைவேளையில் வந்து சொல்லுங்கள். மேடைக்குப் பின்னால்தான் இருப்பேன், தம்பியும் மடிக்கணினியோடு வந்திருக்கிறார்.